கோப்புகளைப் படித்த சரித்திராசிரியர்



யுத்த சரித்திரம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை படைகளும் பீரங்கிகளும் தளபதிகளுமே ஆகும். எந்த ஆற்றை எந்தப் படை எந்த நாளில் கடந்தது, எந்த நகரம் எத்தனை நாள் முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது என்று விவரிக்கும் நூல்கள் நூலகங்களில் அடுக்கடுக்காக உள்ளன. ஆனால் 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலக யுத்தத்தின்போது, போர்முனைக்கு வெகு தொலைவில், மேஜையும் மைக்கூடும் ரப்பர் முத்திரையும் நிறைந்த அறைகளில் தயாராகி வந்த ஒரு பெருங்குற்றமும் உண்டு. ஐரோப்பாவின் யூத மக்களை அடியோடு அழிக்க முனைந்த குற்றம் அது. அது எவ்வாறு நடைபெற்றது என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட சரித்திராசிரியர் ஒருவரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் பெயர் ரவுல் ஹில்பெர்க்.

இக்குற்றத்தைப் பற்றிப் பேச முற்படுவோர் பெரும்பாலும் ‘ஏன்’ என்று கேட்பார்கள். இத்தனை வெறுப்பு எங்கிருந்து பிறந்தது, மனிதன் இவ்வளவு கொடியவனாக எப்படி மாறினான் என்று வியப்பார்கள். ஹில்பெர்க் கேட்ட கேள்வி அதைவிட எளியது. ஆனால் விடை சொல்லக் கடினமானது. பல நாடுகளில் பரவி வாழ்ந்த பல லட்சம் மக்களைக் கணக்கெடுத்து, உடைமைகளைப் பறித்து, ஓரிடத்தில் சேர்த்து, ரயிலேற்றி, கொன்று முடிப்பதற்கு எத்தனை பேர் வேலை செய்திருக்க வேண்டும்? அந்த வேலையை யார் யாருக்குப் பங்கிட்டார்கள்? எந்த இலாகா எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டது? இவையே அவருடைய கேள்விகள்.

அவருடைய வாழ்க்கையை முதலில் சுருக்கமாகக் காண்போம். ஹில்பெர்க் 1926-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சிறு வணிகர். முதல் உலக யுத்தத்தில் போர் வீரராகப் பணியாற்றியவர். 1938 மார்ச் மாதத்தில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது சிறுவன் ரவுலுக்கு வயது பதினொன்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் தந்தையார் கைது செய்யப்பட்டார். பழைய போர் வீரர் என்பதால் விடுதலை பெற்றார். குடும்பம் துப்பாக்கி முனையில் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டது. 1939 ஏப்ரலில் அவர்கள் நாட்டை விட்டுப் புறப்பட்டு, பிரான்ஸ் வழியாகக் கியூபாத் தீவை அடைந்து, அங்கே சில மாதங்கள் தங்கியிருந்தனர். 1939 செப்டம்பர் முதல் தேதி சிறுவன் அமெரிக்க மண்ணில் கால் வைத்தான். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியதும் அதே நாளில்தான்! பின்னே தங்கிவிட்ட உற்றார் உறவினருள் இருபத்தாறு பேர் உயிர் பிழைக்கவில்லை.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த அவர் பதினெட்டு வயதில் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பினார். தாம் எந்த ஆட்சிக்கு அஞ்சி ஓடினாரோ, அந்த ஆட்சி இடிந்து விழுந்த நேரத்தில், மியூனிக் நகரில் நாஜிக் கட்சியின் கட்டடம் ஒன்றில் அவருடைய படைப்பிரிவு தங்கியிருந்தது. அங்கே மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கிடந்த ஹிட்லரின் சொந்தப் புத்தகங்கள் அவர் கண்ணில் பட்டன. எதிரி விட்டுச் சென்ற காகிதங்களில் அவருக்குத் தீராத நாட்டம் பிறந்தது அந்நாளிலேயே என்று கொள்ளலாம்.

ஊர் திரும்பிய பின் புரூக்ளின் கல்லூரியில் படித்தார். பிரஷ்ய நாட்டு அதிகார வர்க்கத்தின் சரித்திரத்தில் வல்லுநரான ஹான்ஸ் ரோசன்பெர்க் என்பவர் அங்கே ஆசிரியராக இருந்தார். அரசாங்க அலுவலகம் என்பது தனக்கென ஒரு போக்கும் வேகமும் உடைய இயந்திரம் என்ற கருத்து ஹில்பெர்க்கின் மனத்தில் ஊன்றியது. பிறகு கொலம்பியா பல்கலைக் கழகத்தில் ஃபிரான்ஸ் நாய்மன் என்ற பேரறிஞரிடம் ஆராய்ச்சி மாணவரானார். நாஜி ஆட்சியை நான்கு அதிகாரக் குழுக்களின் கூட்டாக விளக்கியவர் நாய்மன்: அரசாங்க ஊழியர், ராணுவம், தொழில் நிறுவனங்கள், கட்சி. யூதர்களின் அழிவைப் பற்றி எழுதப் போவதாக மாணவர் சொன்னபோது நாய்மன் இசைவு அளித்தார். ஆனால் அப்பொருளை எடுத்தால் கல்வித் துறையில் முன்னேற வழியில்லை என்பதையும் ஒளிவின்றி எச்சரித்தார். அக்காலத்தில் அதைப் பற்றிப் படிக்க விரும்புவோர் இல்லை. பதிப்பிக்கவும் ஆள் இல்லை. இளைஞர் பின்வாங்கவில்லை. 1954-இல் நாய்மன் சாலை விபத்தில் மாண்டார். மறு ஆண்டில் ஹில்பெர்க் டாக்டர் பட்டம் பெற்றார்.

வெற்றி பெற்ற படைகள் ஜெர்மனியில் கைப்பற்றிய தஸ்தாவேஜுகளில் ஒரு பெரும் பகுதி அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா நகரில், முன்பு கடற்படைக்கு டார்பிடோக்கள் செய்யப்பட்ட தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்தது. அவற்றை ஆராயும் திட்டத்தில் ஹில்பெர்க் வேலை பார்த்தார். நியூரம்பெர்க் நகரில் நடந்த வழக்குகளில் தாக்கலான ஆவணங்களையும் ஆயிரக்கணக்கில் படித்தார். தலைவர்களின் முழக்கங்களைக் காட்டிலும், கீழ்நிலை அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட சாதாரணக் கடிதங்களிலேயே அவர் கருத்தைச் செலுத்தினார். சுற்றறிக்கை, நினைவூட்டுக் கடிதம், செலவுப் பட்டியல், கூட்டக் குறிப்பு, அனுப்பியதற்கான பதிவு ஆகியவையே அவருக்குச் சாட்சிகள்.

இந்தச் சாட்சிகளைக் கொண்டு அவர் கண்ட உண்மை யாது? அழிவு ஒரே நாளில் ஒரே உத்தரவால் நிகழவில்லை. படிப்படியாக நடந்தது. முதற்படி, யூதர் யார் என்று வரையறுப்பது. 1933 ஏப்ரலில் அரசாங்கப் பணியிலிருந்து ‘ஆரியர் அல்லாதோர்’ நீக்கப்பட்டபோதே இது தொடங்கிவிட்டது. 1935-இல் நியூரம்பெர்க் சட்டங்களும், அவற்றின்கீழ் வந்த விதிகளும், பாட்டன் பாட்டியரில் எத்தனை பேர் யூதர் என்று எண்ணிப் பார்த்து ஒரு மனிதனை வகைப்படுத்தின. உள்நாட்டு இலாகாவின் சட்ட நிபுணர்கள் உட்கார்ந்து வாதிட்டு எழுதிய விதிகள் அவை. அவற்றில் எவரையும் அடிக்கவோ கொல்லவோ சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அந்த வரையறை இல்லாமல் அடுத்த படிக்குச் சென்றிருக்க முடியாது.

இரண்டாம் படி, பொருளைப் பறிப்பது. வேலை போயிற்று, கடைகள் கைமாறின, 1938-இல் யூதர்கள் தங்கள் சொத்து விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணை பிறந்தது. அவ்வாண்டு நவம்பரில் யூதர்களின் ஆலயங்களும் கடைகளும் கொளுத்தப்பட்ட பிறகு, கொளுத்தப்பட்டவர்கள் மீதே 100 கோடி மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. அதை வசூலித்தவர்கள் வழக்கமான வரி அதிகாரிகள். மூன்றாம் படி, மக்களை ஓரிடத்தில் ஒதுக்கிச் சேர்ப்பது. போலந்து நாட்டின் வார்சா நகரில் 1940 நவம்பரில் மதிலுக்குள் அடைபட்ட யூதர் குடியிருப்பு இதற்குச் சான்று. நான்காம் படி, கொலை. 1941-இல் சோவியத் மண்ணில் துப்பாக்கிப் படையினர் ஊர் ஊராகச் சென்று சுட்டுத் தள்ளினர். பின்னர் ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்ஸெக், ஆஷ்விட்ஸ் முதலிய இடங்களுக்கு மக்களைக் கொண்டுசென்று நச்சுவாயுவால் மாய்த்தனர். ஹில்பெர்க் தம் கணக்கின்படி மாண்டவர்களின் தொகையை 51 லட்சம் என்று முடிவு செய்தார். அறுபது லட்சம் என்பதே பெரிதும் வழங்கும் கணக்கு. தமக்குக் கிடைத்த ஆதாரங்கள் எதுவரை தாங்குமோ அதுவரையே கூறுவது அவர் இயல்பு.

இந்த வேலைக்கென்று தனி இலாகா ஒன்று இருந்ததா? தனி வரவு செலவுத் திட்டம் இருந்ததா? முழுவதையும் ஒரு கையில் வைத்திருந்த அலுவலகம் எதுவும் இல்லை என்பதே ஹில்பெர்க் கண்டது. இருந்த இலாகாக்களே தங்கள் அன்றாட வேலையோடு இதையும் சேர்த்துச் செய்தன. வரி அலுவலகம் வரி அலுவலகமாகவே இருந்தது. ரயில்வே ரயில்வேயாகவே இருந்தது.

அந்த ரயில்வேயைப் பற்றி அவர் எழுதியதைச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு ரயில் என்பது விடுமுறையையும் வீட்டையும் நினைவூட்டுவது. பயணச் சீட்டின் விதிகளும் நமக்கு நன்கு தெரியும். ஜெர்மன் ரயில்வே யூதர்களைக் கொலைக்களங்களுக்கு ஏற்றிச் சென்றபோது அவர்களைச் சாதாரணப் பயணிகளாகவே கணக்கில் எழுதிற்று. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டர் கணக்கில். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்குப் பாதிக் கட்டணம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. நானூறு பேருக்கு மேல் சேர்ந்து சென்றால் கூட்டுப் பயணச் சலுகை. காவலர்களுக்குப் போகவும் வரவும் சீட்டு. மற்றவர்களுக்குப் போவதற்கு மட்டும். விடுமுறைப் பயணிகளுக்குச் சீட்டு ஏற்பாடு செய்து வந்த பயண முகவர் நிறுவனமே இதற்கும் பட்டியல் அனுப்பியது. கட்டணத்தைச் செலுத்த வேண்டியது போலீஸ் இலாகா. அதற்கான பணமோ யூதர்களிடமிருந்தே பறிக்கப்பட்டது.

ட்ரெப்ளிங்காவுக்குச் சென்ற ரயில்களின் கால அட்டவணை ஒன்று கிடைத்திருக்கிறது. 1942-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, எண் 587. புறப்படும் நேரம், சேரும் நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் உள்ளன. வண்டி நிறைந்து போகிறது, வெறுமையாய்த் திரும்புகிறது, அடுத்த ஊருக்குச் சென்று மீண்டும் நிறைகிறது. கொலை என்ற சொல் அதில் இல்லை. ‘ரகசியம்’ என்ற முத்திரைகூட இல்லை. அலுவலக உபயோகத்திற்கு மட்டும் என்ற சாதாரணக் குறிப்பே உண்டு. 1985-இல் வெளியான ‘ஷோவா’ என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தில் ஹில்பெர்க் இந்தத் தாளைக் கையில் ஏந்தி வரிவரியாக விளக்குகிறார். அந்த ஒரு தாளில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் மரணம் அடங்கியிருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டுகிறார். குரலை உயர்த்துவதில்லை.

அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். ஆகவே ஹில்பெர்க்கின் நூல்களில் என்னை மிகவும் ஈர்ப்பது, அலுவலக மொழியை அவர் படிக்கும் முறை. நாஜி அலுவலகங்கள் கொலையைக் கொலை என்று எழுதவில்லை. ‘குடியேற்றம்’ என்றன, ‘வெளியேற்றம்’ என்றன, ‘தனி முறையில் கவனித்தல்’ என்றன, ‘இறுதித் தீர்வு’ என்றன. இத்தகைய சொற்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மொழிபெயர்ப்பு பிழையற்றதாக இருக்கும், உண்மையோ வெளிவராது. குடியேற்றப்பட்டவர்கள் எங்கே குடியேறினார்கள்? அவர்களுக்கு உணவு அனுப்பியதற்குக் கணக்கு உண்டா? திரும்பி வந்த பெட்டிகளில் என்ன இருந்தது? ஒரு கோப்பிலுள்ள சொல்லை மற்றொரு கோப்பிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு அவர் பொருள் கண்டார். 2001-இல் வெளியிட்ட நூலொன்றில் சரித்திர ஆதாரங்களின் வகை, நடை, சொல்லாட்சி ஆகியவற்றையே தனியாக ஆராய்ந்தார்.

அலுவலக மொழிக்கு மற்றுமொரு பண்பு உண்டு. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதும்போது எடுத்தவர் யார் என்பது மறைந்துபோகிறது. எந்த நாட்டுக் கோப்பிலும் காணக்கூடிய நடைதான் இது, பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் யுத்தம் முடிந்து விசாரணை நடந்தபோது எத்தனையோ அதிகாரிகள் இந்த நடையின் பின்னேயே ஒளிந்துகொண்டார்கள். நான் பட்டியல் மட்டுமே தயாரித்தேன் என்றார் ஒருவர். வண்டிக்கு நேரம் மட்டுமே குறித்தேன் என்றார் மற்றொருவர். ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிது என்றனர். அவர்கள் சொன்னதில் ஓரளவு உண்மையும் உண்டு. அச்சிறு பங்குகளைக் கூட்டியபோது கிடைத்த தொகையைத்தான் ஹில்பெர்க் நூலாக எழுதினார்.

அந்த நூலை அச்சேற்றுவதே பெரும் பாடாயிற்று. ஜெருசலேத்திலுள்ள யாத் வாஷெம் நினைவு நிறுவனம் 1958-இல் அதை ஏற்க மறுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகப் பதிப்பகமும் மறுத்தது. இறுதியில், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தார் பதினைந்தாயிரம் டாலர் உதவ, 1961-இல் சிகாகோ நகரின் சிறு பதிப்பகம் ஒன்று ‘ஐரோப்பிய யூதர்களின் அழிவு’ என்ற அந்நூலை வெளியிட்டது. எழுநூறு பக்கங்களுக்கு மேல், பக்கத்துக்கு இரண்டு பத்தியாக, பொடி எழுத்தில் அச்சாகிய நூல் அது. ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1982-இல்தான் வெளிவந்தது. 1985-இல் நூல் மூன்று தொகுதிகளாக விரிந்தது. 2003-இல் மேலும் திருத்தம் பெற்றது. ஆக, ஒரே நூலை அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து எழுதி வந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

நூலை எதிர்த்தவர்களின் வாதத்தையும் நாம் அறிய வேண்டும். கொன்றவர்களின் கோப்புகளையே பெரிதும் நம்பி எழுதியதால், மாண்டவர்களின் குரல் அதில் போதிய அளவு கேட்கவில்லை என்றனர். ஜெர்மானியர் ஏற்படுத்திய யூத மன்றங்கள், தங்கள் மக்களைக் காக்க எண்ணியே ஆணைகளுக்குப் பணிந்து, அதனால் அழிவை எளிதாக்கிவிட்டன என்று ஹில்பெர்க் எழுதியிருந்தார். இது பலர் மனத்தைப் புண்படுத்தியது. மன்றத்தினருக்கு வேறு வழி இருந்ததா என்றும், எதிர்த்து நின்றவர்களை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றும் வாதிட்டனர். இவ்வாதத்தில் வலு இருக்கிறது. மதிலுக்குள் அடைபட்டுப் பசியால் வாடியவரின் கையெழுத்தையும், பெர்லினில் வயிறார உண்டு அமர்ந்திருந்தவரின் கையெழுத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது அன்றோ!

இதற்கு ஹில்பெர்க் அளித்த விடை ஒரு நூலின் வடிவில் வந்தது எனலாம். வார்சா யூத மன்றத்தின் தலைவராக இருந்த ஆடம் செர்னியாக்கோவ் என்பவரின் நாட்குறிப்பை, வேறிரு அறிஞர்களுடன் சேர்ந்து 1979-இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தார். நாள்தோறும் அதிகாரிகளின் வாசலில் நின்று, ஒரு சலுகைக்கு மன்றாடி, ஏமாந்து திரும்பிய மனிதர் செர்னியாக்கோவ். 1942 ஜூலையில் தம் மக்களை ரயிலேற்றும் ஆணை வந்தது. குழந்தைகளையாவது விட்டுவிட வேண்டினார், பயனில்லை. ஜூலை 23-ஆம் தேதி நஞ்சுண்டு உயிர் துறந்தார். இந்தக் குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் படித்த ஹில்பெர்க், மன்றங்களைப் பற்றிய தம் முடிவை முற்றும் கைவிடவில்லை. ஆனால் அந்த மனிதரின் துன்பத்தை உள்ளபடி உணர்ந்து எழுதினார். 1992-இல் வெளியான மற்றொரு நூலில் கொடுமை செய்தவர், கொடுமைக்கு ஆளானவர், பார்த்துக்கொண்டிருந்தவர் என மூன்று வகையினரையும் தனித்தனியே ஆராய்ந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சரித்திரத்தில் தனி இடம் உண்டு என்பதை அந்நூலைப் படிப்போர் எளிதில் மறக்க இயலாது.

1956 முதல் 1991 வரை அவர் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மான்ட் பல்கலைக் கழகத்தில் அரசியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1996-இல் வெளிவந்த தம் வாழ்க்கைக் குறிப்பில், நூலை அமைக்கும் முறையைப் பீத்தோவனின் பியானோ இசைப் படைப்பு ஒன்றிலிருந்து கற்றதாகச் சொல்கிறார். ஆயிரம் பக்கங்களுக்கு ஒருவர் ஓலமிட்டுக் கொண்டிருக்க முடியாது. ஓசையை அடக்கினால்தான் கேட்பவர் காது கொடுப்பார் என்பது அவர் கருத்து. உறவினர் இருபத்தாறு பேரை இழந்தவர் தம் பெருநூலில் அவர்களுக்காக ஓலமிடவில்லை. 2007 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, தமது 81-ஆம் வயதில் அவர் காலமானார்.

நேயர்களே, நம்மில் பலர் இந்தியாவின் பல பகுதிகளில் அலுவலகங்களில் அமர்ந்து காகிதங்களோடு காலங்கழிப்பவர்கள். கோப்பு ஒன்று நம் மேஜைக்கு வருகிறது. நம் பங்கைச் செய்து அடுத்த மேஜைக்கு அனுப்புகிறோம். ஒழுங்கான நிர்வாகத்திற்கு அது இன்றியமையாதது. முதியோர் ஓய்வூதியமும் பஞ்ச நிவாரணமும் அவ்வழியாகத்தான் மக்களைச் சென்றடைகின்றன. எனினும் அந்தக் காகிதத்தின் மறுமுனையில் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதர் நிற்கிறார் என்ற நினைவு, கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். அந்த நினைவு அற்றுப்போன அலுவலகங்கள் எதுவரை செல்லும் என்பதை ஹில்பெர்க் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். அந்நூல்கள் நகரத்துப் பெரிய நூலகங்களில் கிடைக்கும். படிக்க நாளாகும், மனமும் கனக்கும். ஆயினும் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.